கூவாத ஷேர் ஆட்டோ

1

"வியாழக்கிழமை நான் லேட்டா வருவேம்மா. கவுன்சிலரைப் பாக்கணும்."

இதைச் சொன்னபோது என் மகள் கயல்விழி ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டு இட்லிப்பொடி தேடிக்கொண்டிருந்தாள். இட்லிப்பொடியை ஃபிரிட்ஜில் வைக்கிற வீடாகிவிட்டது எங்கள் வீடு. கனடா வந்து நான்கு வருடத்தில் இப்படிப் பல தினுசாக மாறிவிட்டோம், அதையெல்லாம் எழுதினால் ஊரில் சிரிப்பீர்கள்.

"எந்தக் கவுன்சிலர்? ரோடு போடலைன்னு மனு குடுக்கப் போறியா?" என்று என் கணவர் ரவி தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றபடி கேட்டார். அவர் ஜோக்குக்கு அவரே சிரித்துக்கொண்டார்.

"ஸ்கூல் கவுன்சிலர்ப்பா."

"எதுக்கும்மா?" என்றேன் நான். குரலை எவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"பிரைவேட்" என்றாள் கயல். பொடி கிடைத்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

எனக்குத் தோசை இறங்கவில்லை. அடுத்தவர் மனக்கஷ்டத்தைக் கேட்டு எழுதிக்கொள்வதுதான் என் பிழைப்பு. ஒரகடத்தில் அதைத்தான் செய்தேன், இங்கே விண்ட்சரில் அப்படிப் பலர் கேட்டு எழுதியதைச் சேர்த்துவைக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் என் எதிரில் உட்கார்ந்து மனசைத் திறந்திருக்கிறார்கள். பெற்ற மகள் மட்டும் பதினான்கு வயதில் 'பிரைவேட்' என்கிறாள். கோபம் வந்தது. அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது. பயம்தான் ரொம்ப நேரம் இருந்தது.

2

விண்ட்சர் எங்கே இருக்கிறது என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது: ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் டெட்ராய்ட். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் என்று நம் பக்கம் முழுக்கக் கார் கம்பெனி வந்த காலத்தில், மேடை கிடைத்தவர்கள் எல்லாம் 'இதுதான் ஆசியாவின் டெட்ராய்ட்' என்று முழங்குவார்கள். அந்தப் பொய் டெட்ராய்ட்டிலிருந்து கிளம்பி நிஜ டெட்ராய்ட்டை வேடிக்கை பார்க்கிற தூரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். ரவிக்கு இங்கேயும் கார் பாகம் செய்கிற கம்பெனியில்தான் வேலை. எனக்கு ஒரு மனநலச் சேவை அலுவலகத்தில், தகவல் பிரிவில்.

எங்கள் அலுவலகத்தின் தலையாய கவலை என்னவென்றால், மனம் சரியில்லை என்று வருகிறவர் போகிற இடமெல்லாம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. குடும்ப டாக்டரிடம் ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் ஒரு தடவை, பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை, எங்களிடம் ஒரு தடவை. நாலு இடத்திலும் அழுது முடித்த பிறகு, ஐந்தாவது இடத்துக்கு அனுப்புவார்கள். பாதிப் பேர் நடுவழியிலேயே காணாமல் போய்விடுவார்கள். ஆகவே நாலு இடத்தையும் ஒன்றாக இணைப்பது, ஒருவர் கேட்டு எழுதியதை மற்றவரும் பார்க்க முடிவது, யார் எங்கே நழுவுகிறார்கள் என்று கணக்குப் பார்ப்பது என்று ஒரு பெரிய திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. வாராவாரம் கூட்டம், கூட்டத்துக்கு மஃபின் கேக். என் மேலாளர் கேரன் மஃபின் இல்லாமல் எந்த ஒருங்கிணைப்பும் நடக்காது என்று நம்புகிறவர்.

நாலு இடத்துத் தகவலையும் ஒருவர் பெயரில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் வேலை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் ஊர்ப் பெயர்களைக் கண்டால் இந்தக் கம்ப்யூட்டர் திணறிவிடும். எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் நான் செல்வி குப்புசாமி. குப்புசாமி என் அப்பா. கணவர் ரவி தணிகாசலம். தணிகாசலம் என் மாமனார். மகள் கயல்விழி ரவி. அரசாங்க அலுவலகத்தில் ஹெல்த் கார்டு வாங்கப் போனபோது, கவுண்டரில் இருந்த பெண் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீங்கள் ஒரே வாடகை வீட்டில் தங்கியிருக்கிறீர்களா என்று கேட்டாள். கல்யாணப் பத்திரிகை, பிறப்புச் சான்றிதழ், அதற்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு சரிதான் என்பதற்கு ஒரு முத்திரை என்று மூன்று தடவை அலைந்தோம். இன்றைக்கும் 'மிஸ்டர் குப்புசாமி இருக்கிறாரா' என்று போன் வருகிறது. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது என்று விளக்கினால், பாவம், வருத்தம் தெரிவித்துவிட்டு மறுபடியும் அவரையே கேட்பார்கள்.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஊழியர்கள் தங்கள் குடும்பத்தாரின் கோப்பைப் பார்க்கக்கூடாது. ஒரே கடைசிப் பெயர் வந்தால் கம்ப்யூட்டரே கதவை மூடிவிடும். பள்ளிக் கவுன்சிலர்கள் பிள்ளைகளை மேற்கொண்டு எங்களிடம்தான் அனுப்புவார்கள். அந்தப் பட்டியலில் 'கயல்விழி ரவி' என்று ஒரு பெயர் வந்தால், 'குப்புசாமி' என்கிற பெயரில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கதவு அகலத் திறந்திருக்கும். அவள் என் மகள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அந்த வாரம் முழுக்க நான் சாப்பாட்டை முழுங்கியதும் தூங்கப் போனதும் இந்த நினைப்போடுதான்.

3

திங்கட்கிழமைக் கூட்டத்தில் கேரனுக்குத் திடீரென்று உற்சாகம் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு கதை சொல்ல வேண்டுமாம். வெவ்வேறு இடத்து ஆட்கள் கைகோத்து ஒருவருக்கு உதவி செய்து, அது பலித்தும் விட்ட கதை. என் முறை வந்தபோது ஒரகடம் சொன்னேன். அங்கே சொன்னதை இங்கே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். உங்களுக்கு ஒரகடம் என்றால் எது என்று விளக்க வேண்டியதில்லை, அதற்கே பாதி நேரம் மிச்சம்.

இரண்டாயிரத்து ஒன்பது. கூட்டு ரோட்டில் செல்போன் ரீசார்ஜ் கடைக்கு மாடியில் எங்கள் அறக்கட்டளை அலுவலகம். கம்பெனிகளில் டிரெயினியாகச் சேர்ந்திருந்த பையன்கள், பெண்கள் யாருக்காவது மனம் சரியில்லை என்றால் பேசி, தேவைப்பட்டால் அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அனுப்பி, விடாமல் மருந்து சாப்பிட வைப்பதுதான் வேலை. நெல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரம் என்று தெற்கேயிருந்து வந்த பிள்ளைகள்தான் அதிகம். கம்பெனி ஹாஸ்டலில் ஒரு ரூமில் ஐந்தாறு பேர். ஒருத்தன் ராத்திரி சி ஷிப்ட் முடித்து வந்து படுக்கும் பாயிலிருந்துதான் இன்னொருத்தன் எழுந்து காலை ஏ ஷிப்டுக்குப் போயிருப்பான்.

இசக்கிமுத்து அப்படி வந்தவன்தான். சங்கரன்கோவில் பக்கம். சிரித்த முகம், ஆனால் ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். தூக்கம் வரவில்லை என்றுதான் முதலில் வந்தான். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுகிற இடத்தில் யாருக்குத்தான் தூக்கம் வருகிறது, அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. மெள்ள மெள்ளத்தான் தெரிந்தது, வேலை செய்கிற லைனில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுவதாக அவனுக்குக் கேட்கிறது. ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் தூக்கம் வரும். நைட் ஷிப்டிலும் வந்தது. கம்பெனியின் மெடிக்கல் ரூமில் இருந்த ஸ்டெல்லா சிஸ்டரிடம் அவனை இரண்டு தடவை கொண்டுபோய் நிறுத்தினார்கள், வேலை நேரத்தில் தூங்குகிறான் என்று. டிரெயினிங் முடிகிற சமயம். இன்னொரு தடவை தூங்கினால் பெர்மனென்ட் கிடையாது, ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அவன் என்ன செய்தான்? மாத்திரையை நிறுத்திவிட்டான். தூக்கம் போனது, குரல்கள் திரும்பி வந்தன.

டாக்டருக்கு மாத்திரை தெரியும், ஷிப்ட் தெரியாது. சிஸ்டருக்கு ஷிப்ட் தெரியும், மாத்திரை தெரியாது. எங்களுக்கு இரண்டும் அரைகுறையாகத் தெரியும். இந்த மூன்று பேரும் ஒரு தடவை பேசிக்கொண்டிருந்தால், சில மாதம் ஏ ஷிப்டிலேயே போடுங்கள் என்பதோடு முடிந்திருக்கும். விண்ட்சரில் மஃபின் தின்றுகொண்டு தலையாட்டியவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கும் இதே வியாதிதான்.

4

எங்கள் அறக்கட்டளையில் அப்போதே கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருந்தோம். எத்தனை பேரை அனுப்பினோம், எத்தனை பேர் போனார்கள், இரண்டாம் முறை யார் போகவில்லை. இரண்டாம் முறை போகாதவர்கள்தான் ஏராளம். காரணம் கேட்டால் வண்டி இல்லை என்றார்கள். சரி, வண்டி போட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தோம். மனநலப் பிரிவு வியாழக்கிழமை. ஆகவே வியாழன் காலை ஒரு ஷேர் ஆட்டோ, கூட்டு ரோட்டிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வழியாக ஆஸ்பத்திரி வாசல் வரை. ஓட்டுகிறவர் ஏகாம்பரம்.

ஏகாம்பரம் உள்ளூர்க்காரர். நிலத்தை விற்ற காசில் வண்டி வாங்கியவர். என் மகள் கயலுக்கு அப்போது ஏழு வயது, சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு அவர் வண்டியில்தான் போவாள். முன்னால், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்து, ராணி மாதிரி போவாள். வியாழனன்று நான் விடிந்ததும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாருக்கும் ஓ.பி. சீட்டு வாங்கி வைத்துக் காத்திருப்பேன். ஏகாம்பரம் கயலைப் பள்ளியில் இறக்கிவிட்டு மற்றவர்களை அழைத்து வருவார். காகிதத்தில் பார்த்தால் இதைவிட அழகான ஏற்பாடு இருக்க முடியாது.

முதல் வியாழன் வண்டி கொள்ளாமல் வந்தது. அடுத்த வியாழன் இரண்டு பேர். அதற்கடுத்த வியாழன் ஏகாம்பரம் மட்டும் வந்தார்.

"யாருமே வரலையா?"

"தொண்டத் தண்ணி வத்திப் போச்சுக்கா. ஒரு மணி நேரம் நின்னுகினு கெடந்தேன். ஒருத்தனும் ஏறமாட்றான்" என்றார். அவருக்கும் வருத்தம்தான்.

அலுவலகத்தில் கூடி ஆராய்ந்தோம். ஆராய்ச்சி என்றால் அப்படி ஒரு ஆராய்ச்சி. ஆடி மாதம், ஊர்த் திருவிழாவுக்குப் போயிருப்பார்கள் என்றார் ஒருவர். ஓவர்டைம் அதிகம் என்றார் ஒருவர். ஷிப்ட் வாரியாக, கம்பெனி வாரியாக, ஆண் பெண் வாரியாகப் படம் போட்டோம். எல்லாப் படத்திலும் கோடு கீழே விழுந்தது, ஏன் விழுந்தது என்று எந்தப் படமும் சொல்லவில்லை. இசக்கிமுத்துவும் வரவில்லை. போனை எடுக்கவில்லை.

விடை எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கயல் நாலு பிளாஸ்டிக் நாற்காலியை வரிசையாகப் போட்டு, கரடிப் பொம்மையையும் தலையணைகளையும் ஏற்றி, ஸ்டூல் மேல் உட்கார்ந்து ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தாள். கையை வெளியே நீட்டி, ஏகாம்பரத்தின் குரலை அப்படியே எடுத்து, தெருவுக்கே கேட்கும்படி கூவினாள்:

"மெண்டல் ஆஸ்பத்திரி, மெண்டல் ஆஸ்பத்திரி! ரெண்டு சீட்டு கீது! வா வா வா, மெண்டல் ஆஸ்பத்திரி ஏறிக்கோ!"

எனக்குக் கையிலிருந்த வெங்காயம் கீழே விழுந்தது.

5

ஷேர் ஆட்டோக்காரர் கூவாமல் வண்டியை எடுத்ததாக உலகத்தில் சரித்திரம் உண்டா? எங்கே போகிறது என்று சொல்லிக் கூப்பிடுவதுதான் அந்தத் தொழில். படப்பைக்குப் போனால் படப்பை என்று கூவுவார். மணிமங்கலத்துக்குப் போனால் மணிமங்கலம் என்பார். மனநல ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி என்று நாங்கள்தான் அவருக்குச் சொல்லியிருந்தோம். மனிதர் அதைத் தன் வழக்கப்படி சுருக்கி, சி ஷிப்ட் விட்டு நூற்றுக்கணக்கான பேர் டீ குடிக்கிற நேரத்தில், கூட்டு ரோட்டு நடுவில் வைத்துக் கூவியிருக்கிறார். உள்ளே இசக்கிமுத்து உட்கார்ந்திருந்திருக்கிறான். டீக்கடையில் அவனுடைய லைன் சூப்பர்வைசர் நின்றிருந்திருக்கிறார்.

"எனக்கின்னாக்கா தெரியும்? சீட்டு காலியா போவக்கூடாதேன்னு கூவுனேன்" என்றார் ஏகாம்பரம், விஷயத்தைச் சொன்னதும். அப்புறம் வெகுநேரம் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்தப் பையன் எறங்கிப் போனான்க்கா. வயித்து வலி போலக்குதுன்னு நெனச்சேன். அவன் மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது?"

இசக்கிமுத்துவைச் சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷன் வாசலில், கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஊருக்குப் போவதற்காகப் பையோடு நின்றிருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நடந்தது இதுதான், வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, உனக்காக டாக்டர், சிஸ்டர், ஹாஸ்டல் வார்டன் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசப் போகிறோம் என்று நான் மூச்சு விடாமல் அடுக்கினேன்.

அவன் ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்தான்.

"எல்லாரும் எனக்கு நல்லதுதான்க்கா பண்ணுதீங்க. என்னைய ஒருத்தரும் கேக்கலியே."

பையை வாங்கக் கை நீட்டினேன், அவன் தரவில்லை.

"யார்ட்ட சொல்லணும்னு நான் சொல்லுதேன். அவங்கட்ட மட்டும் சொல்லுங்க. அப்பம் இங்கயே இருக்கேன். இல்லன்னா இந்தா, வண்டி வருது."

"சொல்லு."

"ஸ்டெல்லா சிஸ்டர்ட்ட சொல்லலாம். அவங்க திட்டுவாங்க, ஆனா வெளிய விடமாட்டாங்க. வார்டன்ட்ட வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு நானே அப்புறமா சொல்லிக்கிடுதேன்." கொஞ்சம் யோசித்தான். "ஆட்டோக்கார அண்ணாச்சிட்ட சொல்லுங்க."

"ஏகாம்பரத்துக்கிட்டயா? அவர் கூவினதாலதானே இவ்வளவும்?"

"அவருக்குத் தெரியாமத்தான கூவிட்டாரு. தெரிஞ்சா கூவமாட்டாரு" என்றான். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தான்.

வண்டி வந்தது, போனது. அவன் ஏறவில்லை.

6

அதற்குப் பிறகு நடந்தது ரொம்பச் சுலபம். நைட் ஷிப்ட் தவிர்க்கவும் என்று டாக்டர் ஒரு வரி எழுதினார், வியாதியின் பெயர் இல்லை. ஸ்டெல்லா சிஸ்டர், "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நான் என்ன பூதமா?" என்று அவனைத் திட்டிவிட்டு ஏ ஷிப்டுக்கு மாற்றி வாங்கினார். வேறு யாருக்கும் எதுவும் தெரியாது. மற்றவர்களிடமும் அதற்குப் பிறகு முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டோம்: யாருக்கெல்லாம் தெரியலாம்? எங்கள் கணக்கில் அதற்காகவே ஓர் இடம் ஒதுக்கினோம். ஒருவன் தன் ரூம்மேட்டைச் சொன்னான். ஒரு பெண் யாருக்குமே வேண்டாம் என்றாள், ஆறு மாதம் கழித்துத் தன் அக்காவைச் சேர்த்தாள்.

ஏகாம்பரமும் மாறினார். வியாழக்கிழமை காலை கூட்டு ரோட்டில், "சிங்கப்பெருமாள் கோவில், சிங்கப்பெருமாள் கோவில், ஸ்டேஷன் ஸ்டேஷன்!" என்று மட்டும் கூவுவார். யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஸ்டேஷன் வந்ததும் எல்லாரும் இறங்குவார்கள். இறங்காமல் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். ஏகாம்பரம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், ஒன்றும் கேட்கமாட்டார், கம்மென்று வண்டியை எடுப்பார். மறுபடி ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி நிறைந்து வந்தது. கோடும் மேலே ஏறியது.

இசக்கிமுத்து பெர்மனென்ட் ஆனான். இப்போது மறைமலை நகரில் குடித்தனம். போன வாரம்கூடத் தன் பைக்கோடு நின்று எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பைக் தெளிவாக இருந்தது, அவன் பாதிதான் தெரிந்தான்.

கதையை முடித்ததும் விண்ட்சரில் எல்லாரும் கைதட்டினார்கள். ஷேர் ஆட்டோவை ஆங்கிலத்தில் விளக்கியதுதான் பெரிய கஷ்டம். பத்துப் பேர் ஏறுகிற வண்டி என்றதும் பஸ்ஸா என்றார்கள், மூன்று சக்கரம் என்றதும் நம்பவில்லை. கேரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரித்ததாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை.

"யாருக்கெல்லாம் தெரியலாம் என்று கேட்டீர்களே, அது எனக்குப் பிடித்தது" என்றார். "யாராவது உங்கள் பெயரைச் சொல்லாமல் விட்டால் என்ன செய்வீர்கள்?"

"காத்திருப்போம்" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். எதிரே கம்ப்யூட்டர் இருந்தது. பெயர் அடிக்கிற கட்டத்தில் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

7

இரண்டு எழுத்து அடித்தேன். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், 'க' வும் 'ய' வும் வருகிற அளவுக்கு அடித்தேன். அவள் பெயர் அதற்குள் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. இருந்தால் ஒரு நிமிட வேலை. என் மகள் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, யாராவது அவளைக் கேலி செய்கிறார்களா, வேறு ஏதாவது மோசமாக இருக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும். யாருக்கும் சந்தேகம் வராது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நான் குப்புசாமி.

கூட்டு ரோட்டில் ஆட்டோவிலிருந்து இறங்கிப் போனவனின் முதுகை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த நிமிஷம் அதுதான் கண்ணுக்குள் வந்து நின்றது. அதன் மேல் கயலின் ஸ்கூல் பை தொங்கியது.

எழுத்துகளை அழித்தேன். எழுந்து கேரனின் அறைக்குப் போனேன். "எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். எங்கள் ஊர் வழக்கப்படி அவளுக்கும் எனக்கும் வேறு வேறு கடைசிப் பெயர். உங்கள் கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. அந்தப் பெயர் எப்போதாவது வந்தாலும் வராவிட்டாலும், எனக்குத் திறக்காதபடி பூட்டிவிடுங்கள்" என்றேன்.

கேரன் பேனாவை எடுத்தார். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். ழி வருகிற இடத்தில் இருவரும் கொஞ்சம் சிரமப்பட்டோம். என்னைப் போல் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அவருக்கே பகீரென்றது. அடுத்த கூட்டத்துக்கு அதுதான் முதல் விஷயம் என்றார்.

வெளியே வந்தபோது பெருமையாக ஒன்றும் இல்லை. சாவியை நானே ஆற்றில் எறிந்துவிட்டு, வாசலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

8

அதற்கப்புறம் இரண்டு வியாழக்கிழமைகள் போயின. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ரவி சும்மா இல்லாமல், "நீ கேக்கலைன்னா நான் கேக்கறேன்" என்றார். கேட்டார். 'டாட்' என்று ஒரு வார்த்தையில் பதில் வந்தது. அவரும் அடங்கினார்.

ஒரு சாயங்காலம் கயல் சமையலறைக்கு வந்து, மேடையில் ஏறி உட்கார்ந்தாள். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஸ்கூல்ல இருந்து பேரெல்லாம் உங்க ஆபீஸுக்குத்தானே வரும்?"

"வரும்."

"நீ பாத்தியா?"

"இல்ல. எனக்குத் தொறக்காத மாதிரி பூட்டச் சொல்லிட்டேன்."

அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். "நீயே சொன்னியா?"

"நானேதான் சொன்னேன்."

"உனக்குத் தெரிஞ்சுக்கணும்னு இல்லையா?"

"உசிரே போகுதுடி" என்றேன். கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "அடுத்த வியாழக்கிழமை வேணும்னா வா. உள்ள இல்ல. கார்ல வெயிட் பண்ணு."

"சரி."

"அம்மா." மேடையிலிருந்து குதித்து, வாசல்வரை போய்த் திரும்பினாள். "ஏகாம்பரம் மாமா மாதிரி கூவக்கூடாது."

அவளுக்கு நினைவிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. தமிழை ஒவ்வொரு வார்த்தையாகக் கழற்றிப் போட்டுக்கொண்டு வருகிற பெண் இவள். நாற்காலி ஆட்டோவையும் மறந்திருப்பாள் என்றிருந்தேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூட வாசலில், வரிசையாக நின்ற கார்களுக்கு நடுவில் நானும் நின்றேன். இறங்கவில்லை. கையாட்டவில்லை. ஹாரனைத் தொடவே இல்லை. கயல் வந்தாள். வழக்கமாகப் பின்சீட்டில் ஏறிக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறவள், முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

நாலைந்து சிக்னல் போனது. எங்கள் தெரு தூரத்தில் தெரிந்தபோது, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குதும்மா. ரொம்ப நாளா."

"ம்" என்றேன். வாய் வரை வந்த நூறு கேள்வியையும் முழுங்கிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவள் சீட் பெல்ட்டைக் கழற்றவில்லை. இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. வீட்டைத் தாண்டி ஆற்றோரச் சாலையில் வண்டியை எடுத்தேன்.